பாலுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி

எங்கள் வீட்டுக்காரம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை "சீ" என்று சொல்கிறார் என்று நானும் என் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தோம். மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழ்வீட்டில் அவர் தனியாக இருந்தார். படிக்கட்டு வழியாக எல்லாம் காதில் விழும். மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம். குழாயடியில் எச்சில் துப்பியவனுக்கு ஒரு சீ. கறிவேப்பிலைக் கொத்தில் ஒட்டியிருந்த புழுவுக்கு ஒன்று. டிவியில் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டுக் காட்டியவனுக்கு நாலு. எங்கள் இரண்டு வயது மகள் மூக்கு ஒழுகப் படியிறங்கிப் போனபோது அவளுக்கும் ஒன்று கிடைத்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே போய்த் துவைத்த துணி ஒன்றை எடுத்துவந்து, மூக்கைத் துடைத்து, துணியை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

வீடு பொம்மிடியில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில். கணவருக்கு ரயில்வேயில் வேலை. நான் மாரண்டஹள்ளிப் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்தேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போன அன்று அந்த அம்மா எங்கள் ஊர், பெயர் எதுவும் கேட்கவில்லை.

"கையக் காட்டு, புள்ள" என்றார்.

ஜோசியம் பார்க்கப் போகிறாரோ என்று உள்ளங்கையை நீட்டினேன். திருப்பச் சொல்லி நகங்களைப் பார்த்தார். "செரி, சாமானத்த எறக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் இறந்து வெகுநாளாகிவிட்டது. ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். மிளகாய்த்தூள், சாம்பார்த்தூள், ராகி மாவு, குழந்தைகளுக்கான சத்துமாவு எல்லாம் காயவைத்து அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பதுதான் அவருடைய பிழைப்பு. மொட்டை மாடியில் மிளகாய் காயும்போது யாரும் செருப்புப் போட்டு ஏறக் கூடாது. தும்மல் வந்தால் கீழே இறங்கிப் போய்த் தும்ம வேண்டும். ஆசிரியர்கள், பேங்க்காரர்கள், கடைக்காரர்கள் என்று பாதி ஊர் அவரிடம்தான் தூள் வாங்கியது. சுவைக்காக வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அந்தக் கையை நம்பி வாங்கினார்கள்.

அவருடைய அருவருப்புக்கு ஒரு நியாயம் இருந்தது. அது ஆளைப் பார்த்து வராது, அழுக்கைப் பார்த்துத்தான் வரும். தெருக் கூட்ட வரும் பெண்ணைக் கூப்பிட்டுத் தன்னுடைய டம்ளரிலேயே காப்பி கொடுப்பார். "இந்தத் தெருவுல ஒழுங்கான கை உனக்குத்தான் இருக்குது" என்று அவளிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். பெரிய வீட்டுக் கல்யாணத்தில், பரிமாறியவன் நெற்றி வியர்வை சாம்பார் வாளியில் சொட்டியதைப் பார்த்து, பந்தியிலிருந்து எழுந்து, "அந்த வாளிய கொட்டுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தான். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்பது அவரிடம் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

அவருக்குத்தான் அந்த நோய் வந்தது.

கண்ணில் புரை எடுக்கச் சேலத்துக்குப் போனார். அறுவைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்த அன்று சாயங்காலமே மாடிக்கு வந்து, வாசற்படியில் நின்றபடி சொன்னார்.

"எனக்கு ஈரல்ல கிருமியாம் புள்ள. ஹெபடைட்டிஸ் சி-ன்னு எழுதிருக்கறாங்க. பல வருசமா உள்ளயே இருந்திருக்குது, இப்பத்தான் தெரியுது. தொட்டா ஒட்டாதாம். ஒண்ணா சாப்புட்டாலும் ஒட்டாதாம். ரத்தத்துக்கு ரத்தம் பட்டாத்தான். வூட்டுல கொழந்த வெச்சிருக்கற, உனக்குத் தெரியணும். அதான் சொன்னன்."

"எப்படிங்கம்மா உங்களுக்கு? நீங்க யார் டம்ளர்லயும் தண்ணிகூட..."

"டம்ளர்ல வரல. ஊசில வந்திருக்குது."

டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்றாராம், உறுதியாகச் சொல்லவில்லையாம். இவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெருவில் முன்பு ஊசி போடுகிறவர் ஒருவர் இருந்தார். படித்த டாக்டர் இல்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும், உடம்பு அசதி என்றாலும், ஒரு ஊசி. ஒரே ஊசியை வெந்நீர்க் கிண்ணத்தில் முக்கி முக்கி எடுத்துத் தெருவுக்கே போட்டிருக்கிறார். ஆள் செத்தும் போய்விட்டார்.

"அவன் வேட்டி வெள்ளவெளேர்னு இருக்கும் புள்ள. கிட்ட வந்தா சோப்பு வாசன வரும். இந்தத் தெருவுலயே ஆம்பளைல சுத்தம்னா அவன்தான்னு நானே நாலு பேருகிட்ட சொல்லிருக்கறன். சீ."

அவர் சொன்ன எத்தனையோ சீக்களில் இது ஒன்றுதான் அவரை நோக்கியே சொன்னதாக எனக்குக் கேட்டது.

இப்போது மாத்திரையிலேயே மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிற நோய் அது. அப்போது அந்த மாத்திரை எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு ஊசி வயிற்றில் போட வேண்டும். அதோடு தினம் இரண்டு வேளை மாத்திரை. ஏறக்குறைய ஒரு வருஷம். ஊசி மருந்து சேலத்திலிருந்து மாதத்துக்கு நான்காக, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வரும். அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த அம்மா வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. நேற்றைய குழம்பை அடைத்துவைத்து இன்றைக்குத் தின்பதற்கு ஒரு பெட்டியா என்று கேட்கிறவர். அதனால் என் வீட்டு ஃப்ரிட்ஜைக் கேட்டார்.

"கீழ்த் தட்டுல வையி. மேல ஐஸ் கட்டற எடத்துல வெச்சிராத, ஒறஞ்சுபோனா மருந்து கெட்டுருமாம்."

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் இறங்கிப் போனதும் ஊசிகள் இருந்த அட்டைப் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றிக் காய்கறித் தட்டின் மூலையில் தள்ளினேன். காய்கறிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அது பிரிக்காத புது மருந்து. அதில் யாருடைய ரத்தமும் இல்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் இரண்டு தடவை கை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊசி. நர்ஸ் வேண்டாம் என்றுவிட்டார், இன்னொருவர் கை தன் வயிற்றில் படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு தானே போட்டுக்கொண்டார். முதல் ஊசிக்கு மதியமே குளிர்க்காய்ச்சல் வந்துவிட்டது. சித்திரை வெயிலில் இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. சனிக்கிழமை முழுக்க எலும்பை யாரோ முறுக்குவது போல வலி என்றார். ஞாயிற்றுக்கிழமை எழுந்து உட்காருவார். திங்கட்கிழமை கொஞ்சம் நடப்பார். வியாழக்கிழமை வந்தால் மறுபடியும் முகம் இருண்டுவிடும்.

காய்ச்சலை அவர் பொறுத்துக்கொண்டார். மற்றவற்றைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எதைத் தின்றாலும் நாக்கில் துருப்பிடித்த சாவியை வைத்தது போல இருந்ததாம். வாயெல்லாம் புண். மிளகாய்த்தூள் விற்கிறவருக்கு மோர்கூட எரிந்தது. ராகிக் கூழை நன்றாக ஆறவைத்து, உப்புப் போடாமல், கண்ணை மூடிக்கொண்டு மூன்று டம்ளர் குடிப்பார். குடித்ததில் பாதி திரும்பி வரும். அதற்கென்று ஒரு வெள்ளைப் பீங்கான் பேசின் வைத்திருந்தார். யாரையும் அதைத் தொட விடமாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தானே கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவைப்பார். மாத்திரையால் உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைக் கதவு நிலையில் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் ரத்தம் துளிர்த்தால் உடனே தேங்காயெண்ணெய் தடவி, வெள்ளைத் துணி சுற்றி, கதவு நிலையையும் கழுவிவிடுவார்.

ஒருநாள் அந்தப் பேசினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டார்: "என் வாயிலிருந்து வர்றதையே என்னால பாக்க முடியல. இனி எவனப் பாத்து நான் சீ சொல்றது?"

சில நாள் காரணமில்லாமல் அழுவார். சிலிண்டர் கொண்டுவந்தவன் முன்னால் அழுதார். மருந்து மனதையும் ஆட்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம். "எதுக்கு அழுவறன்னு எனக்கே தெரியல. மூக்கு வேற ஒழுவுது. சீ, சீ" என்று அவன் மேலேயே எரிந்து விழுந்தார். பாவம், அவன் சில்லறைகூட வாங்காமல் ஓடினான்.

இரண்டாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், குளியலறைச் சல்லடையில், கூழ் டம்ளரில். மூன்றே நாள் பொறுத்தார். நாலாம் நாள் ஆளை வரவழைத்து மொட்டை அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் குழாயடியில் எதிர்வீட்டு வாத்தியாரம்மா விசாரித்தார். அவரும் அவர் கணவரும் பல வருஷமாக இவரிடம் தூள் வாங்குகிறவர்கள்.

"என்னங்க, தீர்த்தமலைக்கு வேண்டுதலுங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நான் பின்னால் குடத்தோடு நின்றிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"கோயிலுக்கு இல்லைங்க. எனக்கு ஈரல்ல கிருமி. அதுக்கு ஊசி போடறன், முடி கொட்டுது. சோத்துல விழுந்துச்சு, அருவருப்பா இருந்துச்சு. எடுத்துட்டன்."

வாத்தியாரம்மா குடம் நிறைவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமே தூள் வாங்க ஆள் வருவது நின்றது. வரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாத்தியாரம்மாதான் முதலில் வந்தார். பாதி தீர்ந்த மிளகாய்த்தூள் பாக்கெட்டை வாசலில், தரையில் வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரு இப்ப காரம் சேத்துக்கறதில்லைங்க."

அந்த அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. மருந்தில் ரத்தம் வற்றிப்போய் நாலடி நடந்தாலே இரைக்கும்.

"பொய் சொல்லாதீங்க. என் கையப் பத்தி அருவருப்பா இருக்குதுன்னு சொல்லுங்க, வாங்கிக்கறன். ஆனா ஒண்ணு. நீங்களும் அந்தாள்கிட்டதான் ஊசி போட்டுக்கிட்டீங்க. எனக்கு முன்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தது நீங்கதான். போயி ரத்தம் பாத்துக்குங்க."

"உன் சீக்க எங்க தலையில கட்டாத!" என்றார் வாத்தியாரம்மா. அதுவரை "ங்க" போட்டுப் பேசியவர்.

அன்றிலிருந்து எதிர்வீட்டு வாசலில் காலையும் மாலையும் பினாயில் ஊற்றினார்கள். தெருவின் பாதி அகலத்துக்கு ஊற்றினார்கள். வாடை எங்கள் மாடி வரை ஏறும். இவர் அதற்கும் அடங்கவில்லை. நடக்கத் தெம்பிருந்த நாட்களில் அந்த ஊசிக்காரரிடம் போன வீடாகப் பார்த்து ஏறி இறங்கி, "ரத்தம் பாருங்க" என்று சொல்லிவந்தார். கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்துவிட்டுப் போன சிமெண்டுப் பலகையை ஒருத்தி உப்புப் போட்டுக் கழுவியதை நானே பார்த்தேன். அந்தத் தெருவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் தெருவைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் செய்ததை இனிதான் சொல்லப்போகிறேன்.

மூன்றாம் மாதம். ஒரு திங்கட்கிழமை காலை, புதிதாக வந்திருந்த ஊசிகளில் ஒன்றில் ஏதோ நம்பரைப் பார்க்க வேண்டும் என்று மாடிப்படி ஏறினார். பாதி வழியில் குமட்டிவிட்டது. படிகளில் எல்லாம் கூழும் பித்தமும். நான் மேல்படியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இறங்கிப் போய் அவரைப் பிடித்திருக்க வேண்டும். மகளின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ உள்ள போ புள்ள, நான் கழுவிடறன்" என்றார். உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக, அவரே கழுவினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மகளுக்குப் பால் காய்ச்ச ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழே மூலையில் அந்தத் துணி மூட்டை. எனக்கு உமட்டிக்கொண்டு வந்தது. மூட்டையை விரல் நுனியால் தூக்கி மேல் கதவுக்குள், ஐஸ் கட்டுகிற இடத்தில் வைத்து மூடினேன். அங்கே சாப்பிடுகிற பொருள் எதுவும் இல்லை. வைக்கக் கூடாது என்று அவர் சொன்னது நினைவில் இருந்தது. சாயங்காலம் கீழே மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். சாயங்காலமும் போனது. செவ்வாய், புதன், வியாழன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கீழிருந்து குரல் கொடுத்தபோது எடுத்துப் பார்த்தேன். ஊசிக்குள் மருந்து கல்லாக உறைந்திருந்தது. தொட அருவருத்த அந்த ஊசியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அது உருகும்வரை பொத்திப் பிடித்திருந்தேன். உருகிய பிறகு பார்த்தால் எப்போதும் போலத்தான் தெரிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் கண் முன்னால் வயிற்றுச் சதையைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்.

மதியம் குளிர் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை.

சனிக்கிழமை காலை கீழே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அவர் படியேறி வந்தார், நடுவில் ஒரே ஒரு தடவைதான் நின்றார். கையில் சின்ன டப்பா.

"இந்த வாரம் காச்சலே வரல புள்ள! ஒடம்பு மருந்துக்குப் பழகிக்கிச்சு போல. ரெண்டு இட்லி முழுசாத் தின்னன். கொழந்தைக்குக் காரம் போடாம பருப்புப் பொடி அரைச்சன், வெச்சிக்க."

முகம் தெளிந்திருந்தது. மொட்டைத் தலையில் மஞ்சள் பூசிக் குளித்திருந்தார். அன்று சந்தைக்குப் போய்க் கீரை வாங்கிவந்தார். போகும்போது குழாயடியில் எச்சில் துப்பிய ஒருவனை நிற்கவைத்து, அவனே தண்ணீர் ஊற்றிக் கழுவும்வரை விடவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு மாடியில் நின்றேன். அவருக்கு மருந்து சேரவில்லை, அதனால்தான் காய்ச்சல் வரவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கையை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

புதன்கிழமைதான் சொன்னேன். மேல் தட்டில் மீதி மூன்று ஊசிகளும் அப்படியே கிடந்தன. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்ற பயத்தில் சொன்னேனே தவிர, நல்ல மனசால் அல்ல.

"ஊசி ஒறஞ்சுபோச்சுங்கம்மா. போன வாரம் குடுத்ததும் ஒறஞ்சதுதான். உருக்கிக் குடுத்துட்டனுங்க."

அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"மேல எதுக்கு வெச்ச?"

"கீழ எடம் இல்லீங்கம்மா."

"எடம் இல்லன்னு சொல்லாத" என்றார், சத்தம் போடாமல். "அருவருப்புன்னு சொல்லு. எனக்கு அது புரியும். எடம் இல்லன்னா எனக்குப் புரியாது."

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கீரைத் தட்டை நகர்த்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்தார். ஒரு ஊசி வீணானதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம், உடனே வந்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். மறுநாள் அவரோடு நானும் ரயிலேறிச் சேலத்துக்குப் போனேன். போகும்போதும் வரும்போதும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெர்மாகோல் பெட்டி என் மடியில் இருந்தது.

இனித் தன் மகனிடம் சொல்லி வேறு ஏற்பாடு செய்துகொள்வார் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதை வேண்டிக்கொண்டேன் என்பதுதான் நிஜம். வீட்டுக்கு வந்ததும் அவர் என் பின்னாலேயே மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொன்னார்.

"என் மவன் ஒண்ணு வாங்கித் தர்றன்னுதான் சொல்றான். வாங்க மாட்டன். நீயே வெச்சிரு. அங்க இல்ல. அந்தப் பாலுக்குப் பக்கத்துல. பை வேண்டாம், துணி வேண்டாம்."

வைத்தேன். அந்த வருஷம் முடியும்வரை அது பாலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் பால் எடுக்கும்போது என் கை அந்த அட்டைப் பெட்டியில் பட்டது. முதல் சில வாரம் ஒவ்வொரு தடவையும் கை கழுவினேன். எப்போது கழுவாமல் விட்டேன் என்று நினைவில்லை. இது எனக்குக் கொடுத்த தண்டனை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் கீழே போய்க் கம்பளி போர்த்திவிடுவேன். பேசினை மட்டும் கடைசிவரை என்னைத் தொடவிடவில்லை.

சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தார்கள். கிருமி திரும்பியிருந்தது.

சேலத்திலிருந்து வந்து பேப்பரை என் கையில் கொடுத்தார். "அந்த ஒரு ஊசியாலயாங்கம்மா?" என்று கேட்டேன்.

"டாக்டரு இல்லங்கறாரு. இந்த ஊசி பாதிப் பேருக்குக் கேக்காதாம். ஒரு வாரத்துல ஒண்ணும் ஆயிராதுங்கறாரு." பேப்பரைத் திரும்ப வாங்கி மடித்தார். "நான் ஆமான்னும் சொல்ல மாட்டன், இல்லன்னும் சொல்ல மாட்டன்."

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகுதான் அந்தப் புது மாத்திரை வந்தது. தினம் ஒரு வேளை, மூன்று மாதம். அவர் பேசினைக் கழுவித் தயாராக வைத்து, கம்பளிகளை வெயிலில் போட்டு எடுத்து, யுத்தத்துக்குப் போகிறவர் மாதிரி முதல் மாத்திரையை விழுங்கினார். கொஞ்சம் தலைவலித்தது. இரண்டு வாரம் அசதியாக இருந்தது. அவ்வளவுதான். கூழ் கூழாகவே ருசித்தது. முடி ஒன்றுகூடக் கொட்டவில்லை. அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா ஒரு வருசம் பேசினக் கட்டிட்டு அழுதன்? சீ!"

முடிவில் ரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை. அவர் அந்தப் பேப்பரை யாரிடமும் காட்டவில்லை. ஒன்றிரண்டு பேர் எப்படியோ தெரிந்துகொண்டு தூள் கேட்டு வந்தார்கள். "உங்க வாய்க்கு அரைக்கறதில்லைங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியூர்க் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பொம்மிடிக்கு ஒரு பாக்கெட்கூடக் கொடுக்கவில்லை.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் ஒரு மதியம். கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். பின்கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திறந்தால் வாத்தியாரம்மா. தெருவைச் சுற்றி, சாக்கடைச் சந்து வழியாக, முக்காடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலில் சேறு. கையில் சுருட்டிய பேப்பர்.

"பித்தப்பைல கல்லுன்னு ஆபரேசனுக்குப் போனனுங்க. ரத்தத்தப் பாத்துட்டு..." என்றார். "உங்களுக்கு வந்ததேதானுங்க. வூட்டுல இன்னும் சொல்லல. ஈரல் சுருங்க ஆரம்பிச்சிருச்சுங்கறாங்க. நீங்க அன்னைக்கே சொன்னீங்க..."

அந்த அம்மா காம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். வாத்தியாரம்மாவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அந்த முகத்தில் இருந்த வெறுப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எச்சில் துப்பியவனிடம்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"முன்வாசல் வழியா வாங்க" என்றார்.

"அக்கா, யாராச்சும் பாத்தா..."

"பாக்கட்டும். சந்து வழியா வந்தா நான் பேச மாட்டன். இது திருட்டுச் சீக்கு இல்ல. முன்வாசல் வழியா வாங்க." கதவைச் சாத்திவிட்டார்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் இருவரும் முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றோம். தெருவில் குழாயடியில் நாலைந்து பேர் இருந்தார்கள். தெருமுனையில் வாத்தியாரம்மா தெரிந்தார். நின்றார். சுவரோரமாக நாலடி வந்தார், மறுபடியும் நின்றார். பிறகு முக்காட்டை எடுத்துவிட்டு, நடுத்தெருவில், குழாயடிப் பேச்சு அப்படியே நின்றுபோக, நடந்து வந்து படியேறினார். உள்ளே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உடைந்து அழுதார்.

"அழுவறத அப்பறம் அழுவலாம். மொதல்ல உக்காருங்க, பேப்பரக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

வியர்வையில் நனைந்திருந்த அந்தப் பேப்பரை வாங்கிப் பிரித்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல வண்டிக்குச் சேலத்துக்கு மூணு டிக்கெட் எடுத்துரு, புள்ள."